மார்ட்டின் லூதர் கிங்கின் ஆய்வேடும் பிறர் சொற்களும்: ஒரு திறனாய்வு

முன்னுரை

இறையியல் மாணவர் ஒருவர் தம் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும்போது அதன் முதற் பக்கங்களில் ஓர் உறுதிமொழியில் கையொப்பமிடுகிறார். இவ்வாய்வு தம்முடைய சொந்த முயற்சி என்றும், பிறரிடமிருந்து எடுத்தவை உரிய இடங்களில் குறிக்கப்பட்டுள்ளன என்றும் அது கூறுகிறது. அடுத்த பக்கத்தில் அதற்குச் சான்றளித்து நெறியாளர் கையொப்பமிடுகிறார். ஆசிரியராய் இருப்போருள் பலர் இப்பக்கங்களை வெறும் சடங்காகவே கருதி வந்திருக்கிறோம். இவ்விரு கையொப்பங்களின் பொருள் என்ன என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய விழையும் வினா.

உயர்கல்வியில் நிகழும் எழுத்துத் திருட்டைப் பற்றிப் பொதுவாகப் பேசுவது எளிது. சோம்பேறிகளும் ஏமாற்றுக்காரர்களுமே இத்தவறைச் செய்வர் என்று முடிவு கட்டிவிட்டு நாம் அமைதியடைந்துவிடலாம். ஆகவே, அவ்வாறு எளிதில் ஒதுக்கிவிட இயலாத ஒருவரின் ஆய்வேட்டை எடுத்துக்கொள்கிறோம். மார்ட்டின் லூதர் கிங் 1955ஆம் ஆண்டில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அதற்காக அவர் எழுதிய ஆய்வேட்டில் பிறர் சொற்கள் ஒப்புதலின்றி இடம்பெற்றுள்ளன என்பதை அப்பல்கலைக்கழகமே 1991இல் உறுதி செய்தது. கிங்கைப் போற்றுவோர் இச்செய்தியைப் பேசாது விடுகின்றனர். தூற்றுவோர் இதை மட்டுமே பேசுகின்றனர். இவ்விரண்டும் நமக்குப் பயன்படா.

ஆய்வேட்டின் பொருள்

கிங் ஆராய்ந்த பொருள், பால் டில்லிக், ஹென்றி நெல்சன் வீமன் ஆகிய இருவரின் கடவுட் கருத்துகளின் ஒப்பீடு ஆகும். டில்லிக் கடவுளை இருப்பவற்றுள் ஒன்றாகக் கருதாமல், இருப்பே என்றும் இருப்பின் அடித்தளம் என்றும் கூறினார். வீமனோ உலகில் நன்மையைத் தோற்றுவித்து வளர்க்கும் படைப்பு நிகழ்வே கடவுள் என்றார். இவ்விருவரின் சிந்தனையிலும் கடவுள் ஆளுமையுள்ளவராக இல்லை. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் வேரூன்றியிருந்த ஆளுமைவாதத்தில் பயின்ற கிங், இவ்விடத்தில்தான் இருவரோடும் மாறுபடுகிறார். ஒருவர் கடவுளின் வல்லமையை வலியுறுத்தி நன்மையைக் குறைத்துவிடுகிறார். மற்றவர் நன்மையை வலியுறுத்தி வல்லமையைக் குறைத்துவிடுகிறார். கடவுளோ வல்லவரும் நல்லவருமாய் இருக்கிறார் என்பது அவர் கண்ட முடிவு.

இம்முடிவு அற்பமானதன்று. ஒடுக்கப்பட்ட மக்களின் போதகர் ஒருவருக்கு அது வாழ்வா சாவா என்ற வினாவாகும். வல்லமையற்ற கடவுளை நம்பி எவரும் போராட்டத்தில் இறங்க இயலாது. நன்மையற்ற கடவுளுக்காக இறங்க வேண்டியதுமில்லை. பின்னாளில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் விசாரணைக் குழுவும் இவ்வாய்வேடு அறிவுலகிற்கு ஒரு பங்களிப்பைச் செய்துள்ளது என்று ஒப்புக்கொண்டது. ஆகவே, கிங்குக்குச் சொந்தச் சிந்தனை இல்லாமையால் பிறர் சொல்லை நாடினார் என்று கூற இடமில்லை. சிந்திக்கத் தெரிந்தவரே இத்தவறைச் செய்தார் என்பதுதான் நாம் ஊன்றி நோக்க வேண்டியது.

நேர்ந்த தவறு

கிங்கிற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1952இல், ஜாக் பூசர் என்ற மாணவர் அதே பல்கலைக்கழகத்தில் டில்லிக்கின் கடவுட் கருத்தில் பகுத்தறிவு பெறும் இடத்தைப் பற்றி ஓர் ஆய்வேடு எழுதினார். கிங் தம் முன்னுரையில் அதைப் பெயர் குறித்துப் பாராட்டுகிறார். ஆனால், டில்லிக்கை விளக்கும் பகுதிகளில் பூசரின் வாக்கியங்கள் மேற்கோள் குறியின்றியும் அடிக்குறிப்பின்றியும் கிங்கின் வாக்கியங்களாகவே வருகின்றன. வேறு நூல்களிலிருந்தும் இவ்வாறே எடுத்துள்ளார். சில இடங்களில் அடிக்குறிப்பு உண்டு. ஆயின் எடுத்த பகுதி எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்பது வாசகருக்குத் தெரியாது. இன்னும் சில இடங்களில், பூசர் டில்லிக்கைப் படித்து அறிந்து சொன்னதை, தாமே டில்லிக்கைப் படித்து அறிந்ததுபோல் கிங் எழுதிச் செல்கிறார்.

முன்னுரையில் ஒருமுறை நன்றி கூறிவிட்டால் போதாதோ என்று மாணவர் வினவலாம். போதாது. தோட்டக்காரரை வாசலில் வணங்கிவிட்டு உள்ளே சென்று அவர் அறியாமல் கனி பறித்துக் கொள்வோமாயின், அவ்வணக்கம் நம் செயலை நியாயமாக்காது. ஆய்வேட்டில் நன்றி என்பது கடன்பட்ட அந்தந்த இடத்திலேயே செலுத்தப்பட வேண்டியது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 4ஆம் அதிகாரம் 7ஆம் வசனத்தில், பெற்றுக்கொண்டதைப் பெறாததுபோல் எண்ணிப் பெருமை கொள்வோரைக் கேள்வி கேட்கிறார். எழுத்துத் திருட்டுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணத்தை நாம் அறியோம். பிறர் சொல்லைப் பெறுவது குற்றமன்று. கல்வி முழுவதும் பெறுதலே. பெற்றதைப் பெறாததுபோல் காட்டுவதே குற்றம்.

வெளிப்பட்ட வரலாறு

கிங் தம் தாள்களைத் தாமே 1964இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்க இசைந்தார். 1985 முதல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் கிளேபோர்ன் கார்சன் தலைமையில் ஒரு குழு அவருடைய எழுத்துகளைத் தொகுத்துப் பதிப்பிக்கும் பணியை மேற்கொண்டது. கிங்கின் துணைவியார் கொரெட்டாவே கார்சனை இப்பணிக்கு அழைத்தவர். கிங் பயன்படுத்திய நூல்களைத் தேடி அடிக்குறிப்புகளைச் சரிபார்க்கும் வழக்கமான வேலையின்போதுதான் 1980களின் பிற்பகுதியில் உண்மை வெளிப்பட்டது. குரோசர் இறையியல் கல்லூரியில் எழுதிய மாணவக் கட்டுரைகளிலும் இதே பழக்கம் இருந்தது கண்டறியப்பட்டது.

கண்டவர்கள் அனைவரும் கிங்கை நேசித்தவர்கள். அவர்கள் தயங்கினர் என்பது உண்மை; 1990 நவம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் வெளியிட்ட பின்னரே செய்தி எங்கும் பரவியது. எனினும் அவர்கள் கண்டதை மறைத்து அழித்துவிடவில்லை. 1994இல் வெளிவந்த தொகுப்பின் இரண்டாம் பகுதியில் ஆய்வேட்டை முழுமையாக அச்சிட்டு, பிறர் நூல்களிலிருந்து வந்த பகுதிகளை அடிக்குறிப்புகளில் காட்டினர். கிங் இடாமல் விட்ட அடிக்குறிப்புகளை அவருடைய நண்பர்களே இட்டு முடித்தனர் எனலாம். அன்பு, உண்மை ஆகிய இரண்டையும் ஒருசேரக் காத்த செயலாகவே இதனை நாம் மதிக்கிறோம்.

பாஸ்டன் பல்கலைக்கழகம் நியமித்த நால்வர் குழு 1991 அக்டோபரில் தன் முடிவை அறிவித்தது. எழுத்துத் திருட்டு நிகழ்ந்தது என்பதில் ஐயமில்லை என்றும், பட்டத்தைத் திரும்பப் பெறுவதால் பயன் எதுவும் இல்லை என்றும், இம்முடிவைக் கூறும் கடிதம் ஒன்றை நூலகத்திலுள்ள ஆய்வேட்டோடு இணைக்க வேண்டும் என்றும் அக்குழு பரிந்துரைத்தது. பல்கலைக்கழகம் அவ்வாறே ஏற்றுக்கொண்டது.

கூறப்படும் சமாதானங்கள்

கிங்கின் சார்பாகக் கூறப்படும் சமாதானங்களை நாம் ஒவ்வொன்றாக நோக்குவோம். அவற்றை நம் மாணவர்களும் நம்மிடம் கூறுகிறார்கள் என்பதால் இது தேவையாகிறது.

முதலாவது, பிரசங்க மரபு. கறுப்பினத் திருச்சபைகளில் பிரசங்கம் பொதுச் சொத்தாகவே கருதப்பட்டது. ஒருவர் சொல்லை மற்றவர் எடுத்துத் தம் குரலோடு கலந்து வழங்குவதில் அங்கு எவரும் குறை காண்பதில்லை. அம்மரபில் வளர்ந்த கிங் அதே வழக்கத்தைக் கல்விக்கூடத்திற்கும் கொண்டுவந்தார் என்பது இதன் சாரம். கீத் மில்லர் 1992இல் வெளியிட்ட நூலில் கிங்கின் மொழி உருவான விதத்தை இம்மரபின் வழியே விரிவாக ஆராய்கிறார். பிரசங்கத்தைப் பொறுத்தவரை இவ்விளக்கத்தில் உண்மை உண்டு. நம் போதகர்களும் பழைய பிரசங்கக் குறிப்புகளைப் பயன்படுத்துகின்றனர். சபையார் அது எவருடையது என்று கேட்பதில்லை. வசனம் தம்மைத் தொட்டதா என்றே பார்க்கின்றனர். ஆனால் ஆய்வேடு பிரசங்கமன்று. ஆய்வேட்டைப் படிக்கும் தேர்வாளர் ஒரே ஒரு வினாவைக் கேட்கிறார்: இம்மாணவர் தாமே இதைச் செய்யக் கற்றுக்கொண்டாரா? அவ்வினாவிற்கு ஆம் என்று விடையளிக்கும் ஆவணமே பட்டம். கிங் இவ்வேறுபாட்டை அறியாதவரல்லர். அவருடைய ஆய்வேட்டில் முறையான அடிக்குறிப்புகள் ஏராளமாக உள்ளன.

மேலும், மரபு என்றால் ஒப்புதலின்றி எடுத்தல் என்று கொள்வதும் சரியன்று. நம் தமிழ் மரபையே பாருங்கள். நம் இலக்கணிகள் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகையாகப் பகுத்தனர். வழிநூல் செய்தவர் தம்மை முதல்நூலாசிரியராகக் காட்டிக்கொள்ளவில்லை. தொல்காப்பியர் தம் விதிகள் பலவற்றைத் தமக்கு முந்திய புலவர் கூறுவதாகவே தருகிறார். பெயர் சொல்ல இயலாத இடத்திலும் கடன் உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறார்.

இரண்டாவது, பணிச்சுமை. கிங் 1954 செப்டம்பர் முதல் மான்ட்காமரி நகரின் டெக்ஸ்டர் அவென்யூ பாப்திஸ்து சபையில் முழுநேரப் போதகராய் இருந்துகொண்டே ஆய்வேட்டை எழுதி, 1955 ஏப்ரலில் சமர்ப்பித்தார். இரவும் பகலும் சபைப் பணி செய்து, எஞ்சிய நேரத்தில் எழுதும் போதகரின் நிலை நமக்குத் தெரியாததன்று. நம் மாணவர்களிலும் பலர் அவ்வாறே எழுதுகின்றனர். இக்காரணம் நம் இரக்கத்தைக் கோருகிறது. ஆயின் இரக்கத்தின் விளைவு கால அவகாசமாக இருக்க வேண்டுமே தவிர, கண்மூடுதலாக இருத்தலாகாது.

மூன்றாவது, பிற்காலப் பெருமை. நோபல் பரிசு பெற்று, தம் மக்களுக்காக 1968இல் உயிர் கொடுத்தவரின் மாணவப் பருவப் பிழையை இன்று ஏன் கிளற வேண்டும் என்பர். பெருமை வாய்ந்த பணி பிழையை மன்னிக்கச் செய்யலாம்; நிகழாததாக ஆக்கிவிடாது. தாவீதின் சங்கீதங்களை நேசிக்கும் நாம் உரியாவின் பெயரைத் திருமறையிலிருந்து நீக்கிவிடவில்லை. அவ்வாறே இவ்வரலாற்றிலும் ஜாக் பூசர் என்ற பெயர் உண்டு. அவர் போரில் படைக் குருவாய்ப் பணியாற்றி, பின்னர் எமரி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராய் இருந்து, 1989இல் காலமானார். தம் எழுத்தில் ஏதேனும் கிங்கிற்குப் பயன்பட்டிருந்தால் அது தமக்குப் பெருமையே என்று அவர் சொன்னதாக அவருடைய துணைவியார் தெரிவித்தார். இது பெருந்தன்மை. ஆனால் பெருந்தன்மை காட்டும் உரிமை பூசருக்கே உண்டு. அவருடைய பெயரைச் சொல்லாமல் விடும் உரிமை நமக்கில்லை.

இச்சமாதானங்களுக்கு எதிர்ப்புறத்தில் நின்று, இவ்வொரு தவறைக் கொண்டு கிங்கின் வாழ்வு முழுவதையும் பொய் என்பாரும் உளர். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தையே இழிவுபடுத்த இதைப் பயன்படுத்துவோரும் அவர்களுள் உண்டு. அவர்களுக்குக் கிங்கின் வாழ்வே விடையளிக்கிறது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்த அதே 1955ஆம் ஆண்டின் டிசம்பரில் மான்ட்காமரியின் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது. 1956 ஜனவரியில், கொலை மிரட்டல் வந்த ஓர் இரவில், கிங் தம் வீட்டுச் சமையலறையில் தனியே அமர்ந்து வேண்டினார். அதுவரை ஆளுமையுள்ள கடவுள் என்பது தமக்குத் தத்துவ வகையில் நிறைவளித்த ஒரு கருத்தாக இருந்தது என்றும், போராட்ட நாள்களில் அது உயிருள்ள உண்மையாயிற்று என்றும் அவர் பின்னர் எழுதினார். ஆய்வேட்டில் பிறர் சொல்லால் நிரப்பிய இடத்தை வாழ்வில் அவர் பிறரைக் கொண்டு நிரப்பவில்லை. அதற்கான விலையைத் தாமே கொடுத்தார்.

நெறியாளரின் கையொப்பம்

இனி, பெரும்பாலும் பேசப்படாத ஒன்றைக் கூற வேண்டும். கிங்கின் முதல் நெறியாளர் எட்கர் பிரைட்மன் 1953இல் காலமானார். பின்னர் ஹெரால்ட் டிவொல்ஃப் நெறியாளரானார். இவரே ஜாக் பூசரின் ஆய்வேட்டிற்கும் நெறியாளராய் இருந்தவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் தாம் படித்துக் கையொப்பமிட்ட வாக்கியங்களை மீண்டும் படித்தபோது டிவொல்ஃப் அவற்றை அடையாளம் காணவில்லை. இரண்டாம் தேர்வாளராகிய பால் ஷில்லிங் குறிப்புகளில் இரு குறைகளைக் கண்டார். அவற்றைத் தனிப்பட்ட சிறு பிழைகள் எனக் கருதி மேற்செல்லவில்லை. இருவரும் நேர்மையான அறிஞர்கள். டிவொல்ஃப் தம் மாணவரை ஆழ்ந்து நேசித்தவர். 1968இல் கிங்கின் அடக்க ஆராதனையில் அஞ்சலியுரை ஆற்றியவர்.

அவர்கள் அன்று கண்டிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? இருபத்தாறு வயது மாணவரை அழைத்து, இப்பகுதிகளைத் திருத்தி எழுதி வாரும் என்று சொல்லியிருப்பார்கள். சில மாதங்கள் தாமதமாகியிருக்கும். கிங் வெட்கப்பட்டிருப்பார், கற்றுக்கொண்டிருப்பார், ஆய்வேடு குறையின்றி நின்றிருக்கும். அன்று ஓர் அறைக்குள் இருவர் மட்டும் அறிய முடிந்திருக்க வேண்டிய திருத்தம், முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின், அவர் விடையளிக்க இயலாத காலத்தில், உலகம் அறிய நிகழ்ந்தது. நெறியாளர் சொல்லாமல் விட்டதை நூலகத்தில் இணைத்த கடிதம் சொல்லிக்கொண்டிருக்கிறது. இதையே நாம் இவ்வரலாற்றின் மிகத் துயரமான பகுதியாகக் கருதுகிறோம்.

இதனை எழுதும் நாம் குற்றமற்றோர் அல்லோம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவரின் ஆய்வேட்டைப் படித்தபோது, மூன்றாம் அதிகாரத்தில் நடை திடீரென்று மாறுவதைக் கண்டோம். தடுமாறி எழுதிவந்த மாணவர் அவ்விடத்தில் தேர்ந்த அறிஞரைப் போல் எழுதியிருந்தார். நமக்கு ஐயம் எழுந்தது. அவர் ஏழைக் குடும்பத்தினர், நற்பண்பினர், அவருடைய மறைமாவட்டம் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தது. நூலகத்தில் ஒரு மணி நேரம் தேடியிருந்தால் மூலத்தைக் கண்டிருப்போம். நாம் தேடவில்லை, கையொப்பமிட்டோம். அதை அன்பு என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். இன்று அவரும் ஆசிரியர். தம் மாணவர்களின் அடிக்குறிப்புகளை அவர் எவ்வாறு பார்க்கிறார் என்று கேட்கும் துணிவு நமக்கு இன்றுவரை வரவில்லை.

நம் கல்விக்கூடங்களில்

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் எழுத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகளை வெளியிட்டது. ஒத்த பகுதி 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனையில்லை. 10க்கு மேல் 40 வரையெனில் திருத்தி மீண்டும் சமர்ப்பிக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரையெனில் ஓராண்டிற்குச் சமர்ப்பிக்க இயலாது. 60க்கு மேற்பட்டால் பதிவே நீக்கப்படும். ஒப்பிட்டுப் பார்க்கும் கணினிச் செயலிகளும் இன்று உள்ளன. இவை பயனுள்ளவையே. ஆனால் இவற்றின் வரவால் மாணவர் கேட்கும் வினா மாறிவிட்டது. இது என் சொல்லா என்று தம்மைக் கேட்க வேண்டியவர், விழுக்காடு எவ்வளவு வந்தது என்று கேட்கிறார். சொற்களை மாற்றிப் போட்டு எண்ணைக் குறைக்கத் தெரிந்தவர் தப்பிக்கிறார். பிறர் கூலிக்கு எழுதித் தந்த ஆய்வேட்டையும், கேட்டவுடன் கட்டுரை ஆக்கித் தரும் இக்காலக் கணினிச் செயலியின் படைப்பையும் விழுக்காட்டுக் கணக்கு எளிதில் பிடிப்பதில்லை.

மாணவரோடு அமர்ந்து, இவ்வாக்கியத்தில் என்ன சொல்ல நினைத்தீர் என்று கேட்கும் ஆசிரியருக்கு இது எளிதில் புலப்படும். அவ்வாறு கேட்பதற்கு நேரம் வேண்டும். மாணவரின் வரைவை அதிகாரம் அதிகாரமாகப் படித்திருக்க வேண்டும். ஒரே ஆசிரியரிடம் பல ஆய்வேடுகளைச் சுமத்தி, பட்டமளிப்பு நாளைக் காட்டி விரைவுபடுத்தும் கல்லூரி, பின்னர் மாணவர் நேர்மையைப் பற்றிப் பேசும் தகுதியை இழக்கிறது. ஆங்கிலத்தில் சிந்திக்கப் பழகாத மாணவரை ஆங்கிலத்திலேயே எழுதக் கட்டாயப்படுத்தும்போது, அவர் அச்சில் கண்ட வாக்கியத்தைப் பற்றிக்கொள்கிறார் என்பதையும் நாம் எண்ண வேண்டும். தமிழில் எழுத இடமளித்தால் அவருடைய குரல் அவருக்குத் திரும்பக் கிடைக்கும். களவு எது, அவர் சொந்தம் எது என்பதும் நமக்குத் தெளிவாகும்.

முடிவுரை

எரேமியாவின் 23ஆம் அதிகாரத்தில், ஒருவரிடமிருந்து ஒருவர் தம் வார்த்தைகளைத் திருடும் தீர்க்கதரிசிகளுக்கு ஆண்டவர் தம்மை எதிராளியாக அறிவிக்கிறார். அத்தீர்க்கதரிசிகள் சொன்ன சொற்களில் உண்மையானவையும் இருந்திருக்கலாம். ஆனால் தாங்கள் கேளாததைக் கேட்டதாகக் கூறினார்கள். இறையியல் கற்போருக்கு இவ்வெச்சரிப்பு தனிப்பட்ட முறையில் உரியது. நாளை சபையின்முன் நின்று தாம் அறிந்ததையும் நம்புவதையும் சொல்லப்போகிறவர், இன்று தாம் படியாததைப் படித்ததாக எழுதிப் பழகலாகாது.

கிங்கை நாம் தொடர்ந்து மதிப்போம். அவருடைய ஆய்வேட்டை அதனோடு இணைத்த கடிதத்தோடு சேர்த்தே படிப்போம். மாணவர்களுக்கு நாம் கூறுவது இது: எடுத்த இடத்தைச் சொல்லுங்கள், சொல்வதால் உங்கள் மதிப்புக் குறையாது. ஆசிரியத் தோழர்களுக்கு நாம் கூறுவதும், நமக்கே கூறிக்கொள்வதும் இது: ஐயம் எழுந்த இடத்தில் நூலகத்திற்குச் செல்லுங்கள், மாணவரைத் தனியே அழைத்துப் பேசுங்கள், அதன் பின்னர் கையொப்பமிடுங்கள்.